பெட்டாவில உழைச்சவங்களுக்கும் அங்க ஒரு அறை வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கொழும்புக் கோட்டைக்குப் பக்கத்துக் கடைத்தெருவான பெட்டாவில, பிரின்ஸ் ஸ்ட்ரீட்ல இருக்கிற ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) மியூசியத்தை எங்க அப்பா கடைசி வரைக்கும் தபால் கந்தோர்னு தான் சொல்லுவார். 1971 வரைக்கும் அது பெட்டா தபால் கந்தோர் தான். அப்பா நாலாம் குறுக்குத் தெருவில ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கப்பிள்ளையா இருந்தவர், கலியாணம் கட்டுறதுக்கு முன்னால படுக்கை எல்லாம் அந்தக் கடை மேல் மாடியில மிளகாய் மூட்டைக்கும் சீனி மூட்டைக்கும் நடுவில தான், மாசம் ரெண்டு தடவை அந்தப் பெரிய தூணுங்க இருக்கிற வாசல்ல ஏறிப்போய் ராமநாதபுரம் பக்கம் ஊர்ல இருந்த அப்பத்தாவுக்குக் கடிதம் போடுவாராம். எங்க அம்மாவைக் கட்டுறதுக்கு அப்பத்தா சம்மதம் சொல்லி எழுதின கடிதம் வந்து சேர்ந்ததும் அங்க தான். அதைக் கையில வாங்கி வாசல் படியிலேயே உக்காந்து ரெண்டு தடவை வாசிச்சாராம், இதை எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்னு கணக்கே இல்ல.

நான் கொட்டாஞ்சேனையில இருக்கிறேன், டீச்சர் வேலை பார்த்து ரிட்டயர் ஆகிட்டேன். ஸ்கூல்ல இருந்த காலத்தில பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அந்த மியூசியத்துக்கும் பக்கத்தில கோட்டைப் பகுதியில இருக்கிற மத்த மியூசியங்களுக்கும் பல தடவை போயிருக்கேன். பெட்டாவில உழைச்சவங்க சாமானையும் கதையையும் வைக்க ஒரு அறை வேணும்னு ரொம்ப நாளா மனசில கிடக்கிற விஷயத்தைத் தான் இப்ப எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், இடம் இல்லாட்டி வெட்டிப் போடுங்க, ஆனா பழைய கணக்குப் புத்தகங்களைப் பத்தி எழுதியிருக்கிற பகுதியை மட்டும் தயவு செஞ்சு விட்டுடாதீங்க.

முதல்ல அந்தக் கட்டடத்தைப் பத்திச் சொல்லணும், ஏன்னா பெட்டாவில தினமும் அதைத் தாண்டிப் போற எத்தனையோ பேருக்கு அது என்னன்னே தெரியாது. 17ம் நூற்றாண்டு கடைசியில கட்டினது, ஒல்லாந்த கவர்னர் தோமஸ் வான் ரீ குடியிருந்த வீடு, பிறகு ஒல்லாந்தர் காலத்தில பாதிரிமாரையும் வாத்திமாரையும் பழக்குற செமினரி, அதுக்குப் பிறகு ராணுவ ஆஸ்பத்திரி, பொலிஸ் ட்ரெயினிங், கடைசியா தபால் கந்தோர். கட்டடம் பழுதாகி தபால் கந்தோரை வேற இடத்துக்கு மாத்தின பிறகு, நெதர்லாந்து உதவியோட 1977ல இருந்து 1981 வரைக்கும் திருத்தி 1982ல மியூசியமா திறந்தாங்க. உள்ள ஒரு முற்றம், கிணறு, பழைய மரச் சாமான், சீனத்துப் பீங்கான், ஒல்லாந்தர் காசு, எழுத்து வெட்டின கல்லறைக் கல்லுங்க எல்லாம் இருக்கு. வெளிய கைவண்டிச் சத்தமும் லொறி ஹோனும் காதைக் கிழிக்கும், அந்த முற்றத்துக்குள்ள போய் நின்னா குருவிச் சத்தம் கேக்கும். பெட்டாவில அப்படி ஒரு இடம் இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

அங்க பிள்ளைங்களுக்கு நான் முதல்ல காட்டுறது அந்த மேசை அலுமாரிங்களைத் தான். இழுத்துத் திறக்கிற தட்டைக் காட்டி இதுக்குப் பேர் என்னன்னு கேப்பேன். லாச்சின்னு சொல்லுவாங்க. அந்தச் சொல்லே ஒல்லாந்தர் விட்டுட்டுப் போனது தான் பிள்ளைங்களா, ஆபீசுக்குச் சொல்ற கந்தோர்ங்கிறதும் அப்படித் தான், அலுமாரியும், ரொட்டிக்குச் சொல்ற பாணும், கடப்பாரைக்குச் சொல்ற அலவாங்கும் அதுக்கு முந்தி வந்த போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போனதுன்னு சொன்னா அதுங்க முகத்தைப் பார்க்கணும். தமிழ்நாட்டில இருந்து வந்த சொந்தக்காரங்க கந்தோர்னா என்னன்னு கேட்ட கதையை ஒவ்வொருத்தரும் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறது யாரோ வெள்ளைக்காரன் சாமான்னு நினைச்ச பிள்ளை, அது நம்ம வாயிலயும் இருக்குன்னு விளங்கிக்கிட்டா அதுக்குப் பிறகு நின்னு பார்க்கும். மியூசியம்னா அப்படித் தான் இருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணும் சொல்லுவேன். 1723ல இதே கொழும்பில பிறந்த பிலிப்பு தெ மெல்லோன்னு ஒரு தமிழர் கொழும்பு செமினரியில படிச்சு, ஒல்லாந்தர் சபையில பாதிரியாகி, புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல மொழிபெயர்த்தார், அது 1759ல கொழும்பிலேயே அச்சானது. ஒல்லாந்தர் இங்க அச்சுக்கூடம் போட்டு 1737ல இருந்து புத்தகம் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க, சிங்களத்திலயும் தமிழ்லயும். அந்தச் செமினரி இருந்த கட்டடத்துக்குள்ள தான் நாம நிக்கிறோம். அப்ப ஒல்லாந்தர் மியூசியம்னா ஒல்லாந்தரோட கதை மட்டும் இல்ல தானே. அங்க எழுத்துக் கோத்தது யாரு, தமிழைத் திருத்திக் குடுத்தது யாரு, அந்த வீட்டில சமைச்சது யாரு, கவர்னரைப் பல்லக்கில தூக்கினது யாரு. அவங்க பேரெல்லாம் நமக்குக் கிடைக்காது, ஆனா அவங்க இருந்தாங்கன்னாவது ஒரு சுவர்ல எழுதி வைக்கலாம்.

கொட்டாஞ்சேனையில இருந்து பெட்டாவுக்கு நடந்தே போற பழக்கம் எனக்கு இன்னும் இருக்கு. பொன்னம்பல முதலியார் கட்டி பிறகு அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ல தொடங்கி 1912 வரைக்கும் முழுக்கக் கருங்கல்லாவே திருப்பிக் கட்டின கொச்சிக்கடை சிவன் கோவில், அங்க இருந்து ரெண்டு எட்டு வச்சா அந்தோனியார் கோவில், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலையில குண்டு வெடிச்சு என்ன நடந்துச்சுன்னு அந்த வாசல்ல நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும், அதைத் தாண்டி செட்டியார் தெருவில ரெண்டு கதிரேசன் கோவில், ஆடிவேல் தேர் கிளம்புற இடம், அந்தப் பக்கம் மேட்டில 1757ல இருந்து நிக்கிற வுல்ஃபெண்டால் ஒல்லாந்தர் சேர்ச், இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு வந்தா 1908லயும் 1909லயும் கட்டின சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், பெட்டாவுக்குள்ள நுழையிற முனையில பார்சிக் குடும்பம் ஒண்ணு 1923ல கட்டிக் குடுத்த கான் மணிக்கூட்டுக் கோபுரம். இவ்வளவும் நடந்து பார்க்கிற தூரம். பெட்டாங்கிற பேரே நம்ம பேட்டைங்கிற சொல்லு தான், கோட்டைக்கு வெளிய இருக்கிற பேட்டை. பேருல தமிழ் இருக்கு, தெருவில தமிழ் இருக்கு, கடைக்குள்ள தமிழ் இருக்கு, மூட்டை தூக்குற நாட்டாமி வாயில தமிழும் சிங்களமும் கலந்தே இருக்கு. மியூசியத்துக்குள்ள போனா தான் அது குறைஞ்சு போகுது.

கோட்டைப் பக்கம் நல்ல வேலை நடக்கலன்னு சொல்ல வரல. சதாம் ஸ்ட்ரீட்ல சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்தை மத்திய வங்கி எடுத்துத் திருத்தி 2013ல பொருளாதார வரலாற்று மியூசியம் திறந்தாங்க. 1914ல கட்டி முடிச்ச கட்டடம், உள்ள நின்னு அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரத் தூணுங்க. 1996 ஜனவரி 31 மத்திய வங்கியில குண்டு வெடிச்சப்ப அதுவும் சேதப்பட்டது. அன்னைக்கு அந்தச் சத்தம் கொட்டாஞ்சேனையில எங்க வகுப்பு ஜன்னலை ஆட்டினது எனக்கு இன்னும் ஞாபகம், பிள்ளைங்க எல்லாம் மேசைக்குக் கீழ போயிட்டாங்க, அதில ஒரு பிள்ளையோட மாமா கோட்டையில வேலை, சாயந்திரம் வரைக்கும் அது அழுதுக்கிட்டே இருந்துச்சு, மாமா நல்லபடியா வந்து சேர்ந்தார், வராதவங்க எத்தனையோ பேர். அந்தக் கட்டடத்தை இடிச்சுப் போடாம திருப்பி நிறுத்தி, பிள்ளைங்க போய் காசு பார்க்கிற இடமா ஆக்கினதுக்கு நான் நன்றி சொல்றேன். அங்க போறதுக்கு முந்தின நாள் யாழ்ப்பாண ராசாக்கள் நந்தி உருவமும் சேதுங்கிற தமிழ் எழுத்தும் போட்டு அடிச்ச காசைப் பத்தி வகுப்பில சொல்லிட்டுத் தான் கூட்டிட்டுப் போவேன். கோட்டை ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியையும் 2011ல திருத்தித் திறந்தாங்க, கோட்டையிலயே பழைய கட்டடம் அது தான்னு சொல்லுவாங்க, இப்ப சாப்பாட்டுக் கடையும் உடுப்புக் கடையுமா இருக்கு, கட்டடம் தப்பிச்சது சந்தோஷம், ஆஸ்பத்திரியா இருந்த கதையைச் சொல்ல ஒரு சின்ன அறையும் ஒதுக்கினா இன்னும் சந்தோஷம்.

இப்ப எனக்கு வருத்தமான விஷயம். எந்த இடம்னு பேர் எழுத விரும்பல, ஏன்னா அங்க வேலை செய்றவங்க நல்லவங்க, அவங்களை மாட்டி விடுறது என் நோக்கம் இல்ல. நாலைஞ்சு வருஷத்துக்கு முன்னால பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட ஒரு மியூசியத்துக்குப் போனேன். ஒரு வாளுக்குப் பக்கத்தில தமிழ்ல வால்னு எழுதியிருந்துச்சு. இன்னொரு இடத்தில சிங்களத்தில பத்து வரி, இங்கிலிஷ்ல பத்து வரி, தமிழ்ல ரெண்டே வரி, அந்த ரெண்டு வரியிலயும் ஒரு சொல்லு பாதியில நின்னு போயிருந்துச்சு. கைட் தமிழ் தெரியாதவர், அதை அவரே வெக்கப்பட்டுக்கிட்டு சொன்னார், பிறகு வாசல்ல நின்ன ஒரு முஸ்லிம் தம்பியைக் கூப்பிட்டு வந்து எங்களுக்கு விளங்கப்படுத்தச் சொன்னார், அந்தத் தம்பி தனக்குத் தெரிஞ்சதை எவ்வளவோ பாசமா சொன்னார். மனுசங்க மேல குறையே இல்ல. ஆனா அந்த ரெண்டு வரியைப் பார்த்துட்டு வகுப்பில முதலாவதா வர்ற பிள்ளை ஒண்ணு, டீச்சர் நான் இங்கிலிஷ்லயே வாசிக்கிறேன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு. 1987ல அரசியல் யாப்பிலயே தமிழும் அரச கரும மொழின்னு எழுதியாச்சு. ஒரு லேபல்ல எழுத்துப் பிழை திருத்த எவ்வளவு செலவாகும், பெட்டாவில எந்தக் கடைக்குள்ள போய்க் கேட்டாலும் ஒரு கிளாக்கர் அண்ணன் பேனையை எடுத்துக்கிட்டு வந்து சும்மாவே திருத்திக் குடுப்பார்.

இதைச் சொல்லும்போது எனக்கு கறுவாத்தோட்டத்து தேசிய மியூசியத்தில இருக்கிற ஒரு கல்லு தான் ஞாபகம் வரும், அப்பா அதை மியூசியம்னு சொல்ல மாட்டார், நூதனசாலைன்னு தான் சொல்லுவார். சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டு வந்து தெற்கே காலி ஊர்ல நாட்டின கல்லு அது. 1409 பெப்ரவரி 15ன்னு திகதி போட்டது, மூணு மொழி, சீனம் தமிழ் பாரசீகம். சீனத்தில புத்தரைப் புகழ்ந்திருக்கு, பாரசீகத்தில அல்லாவை, தமிழ்ல தேவேந்திரமுனையில கோவில் கொண்டிருந்த தேனாவரை நாயனாரை. மூணு பேருக்கும் பொன்னு, வெள்ளி, பட்டுன்னு காணிக்கை வரிசையா எழுதியிருக்கு. 600 வருஷத்துக்கு முன்னால எங்கேயோ சீனாவில இருந்து கப்பல்ல வர்றவங்க, இலங்கைக்குப் போறோம், அங்க உள்ளவங்களுக்கு விளங்கணும்னா தமிழ்லயும் வெட்டணும்னு நினைச்சு, ஆள் பிடிச்சு, எழுதி, கல்லுல வெட்டித் தூக்கிட்டு வந்திருக்காங்க. நம்ம ஊர்ல நாமளே எழுதுற லேபலுக்கு அந்தக் கவனம் வேணாமா.

அந்தக் கல்லைப் பத்தி இன்னொரு விஷயமும் இருக்கு. 1911ல காலியில ஒரு எஞ்சினியர் அதைக் கண்டுபிடிச்சப்ப அது ஒரு மதகுக்கு மேல மூடியா கவுந்து கிடந்துச்சு. எத்தனை வருஷமா வண்டி மாடு அதுக்கு மேல போச்சுதோ. யாரோ ஒருத்தர் குனிஞ்சு பார்த்ததால தான் இன்னைக்கு உலகம் முழுக்க அதைப் பத்தி எழுதுறாங்க.

மூணு வருஷத்துக்கு முன்னால பெட்டாவில ஒரு குறுக்குச் சந்துக்குள்ள போய்க்கிட்டு இருந்தேன், கைவண்டி ஏறி இறங்க வசதியா சாக்கடைக் கானுக்கு மேல ஒரு பலகை போட்டிருந்தாங்க, நல்ல தடிச்ச தேக்குப் பலகை, அதில செதுக்கின எழுத்து தெரியுதேன்னு குனிஞ்சு பார்த்தா தமிழ், ஒரு பழைய கடையோட பேர்ப்பலகை. பாதிப் பேர் தேய்ஞ்சு போச்சு, அன் கோன்னு கடைசியில இருந்தது மட்டும் நல்லாத் தெரிஞ்சுச்சு. அந்தக் கடையை எனக்குத் தெரியும், சின்ன வயசில அப்பாவோட போய் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி குடுத்திருக்கோம். கடைக்காரப் பிள்ளைகிட்ட கேட்டேன், அம்மா அது பழசு, கடை கைமாறும்போது கழட்டிப் போட்டது, வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்கன்னு மரியாதையா தான் சொல்லுச்சு. த்ரீவீல்ல ஏத்துற சைஸா அது. மறு கிழமை மகனைக் கூட்டிக்கிட்டுப் போனேன், அந்த இடத்தில கொங்கிரீட் போட்டாச்சு, பலகை எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல. இன்னைக்கும் அந்தச் சந்தால போனா கால் தானா நிக்கும்.

அதுக்குப் பிறகு தான் நான் கடை கடையா கேக்கத் தொடங்கினேன். பழைய சாமான் ஏதும் இருக்கா, கணக்குப் புத்தகம் இருக்கான்னு. இதைத் தான் நீங்க வெட்டக்கூடாதுன்னு சொன்னேன். ஒரு பழைய பேரேட்டை விரிச்சுப் பாருங்க. அது வெறும் கடன் கணக்கு இல்ல. மலைநாட்டில எந்தத் தோட்டத்துக்கு எத்தனை அந்தர் (112 றாத்தல்) அரிசி போச்சு, எந்தக் கப்பல்ல என்ன வந்துச்சு, மட்டக்களப்பில யாரு நெல்லு அனுப்பினது, யாழ்ப்பாணத்தில இருந்து எத்தனை சிப்பம் புகையில வந்துச்சு, எந்த நாட்டாமிக்கு என்ன கூலி, யாரு மகள் கலியாணத்துக்கு முதலாளி எவ்வளவு முன்பணம் குடுத்தார், எல்லாம் இருக்கும். செட்டியார்மார் கணக்குல குறிப்பேடு, பேரேடு, வருஷக் கடைசியில ஐந்தொகைன்னு ஒரு ஒழுங்கு இருக்கு, அப்பா அந்த ஐந்தொகை சரியா வராட்டி ராத்திரி சாப்பிட மாட்டார், ஒரு சதம் பிசகினாலும் விடியும் வரைக்கும் தேடுவார். உண்டியல்னா நம்ம பிள்ளைங்களுக்கு இன்னைக்கு கோவில் உண்டியல் தான் தெரியும், அது கடல் தாண்டி காசு மாத்துற சீட்டாவும் இருந்துச்சுன்னு எந்தப் பிள்ளைக்குத் தெரியும். பேங்க் கடன் குடுக்காத சின்ன வியாபாரிக்கெல்லாம் செட்டியார் தெரு தான் பேங்க். செட்டியார் உக்காந்து கணக்குப் பார்த்த அந்தப் பெட்டியடியும், எழுதின புத்தகமும் இல்லாம கொழும்பு எப்படி வளர்ந்துச்சுன்னு எந்த மியூசியம் சொல்லப்போகுது.

ஆனா புத்தகங்க எங்க. இந்திய வம்சாவளி ஆளுங்களைத் திருப்பி அனுப்பச் செஞ்ச 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போனவங்க சிலது கூட எடுத்துக்கிட்டுப் போனாங்க, சிலதை விட்டுட்டுப் போனாங்க. விட்டுட்டுப் போனது கடை கைமாறும்போது பழைய பேப்பர்காரருக்குப் போச்சு, கடலை சுத்துற பேப்பரா போச்சு. அதுக்கும் மேல 1983 ஜூலைக் கலவரம். பெட்டாவில தமிழ்க் கடைங்க எரிஞ்சப்ப சரக்கு எரிஞ்சதைத் தான் எல்லாரும் கணக்குப் போட்டாங்க, சரக்கைத் திருப்பி வாங்கலாம், 50, 60 வருஷக் கையெழுத்தைத் திருப்பி வாங்க முடியுமா. அப்பா வேலை செஞ்ச கடையும் அதில போச்சு. அவர் ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பார்த்துட்டு வந்து எங்க யார்கிட்டயும் ஒரு கிழமை கதைக்கல. பிறகு ஒரு நாள், எல்லாப் புத்தகமும் போச்சும்மான்னு மட்டும் சொன்னார்.

மிஞ்சினது இன்னும் இருக்கு, நான் கண்ணால பார்த்திருக்கேன். செட்டியார் தெருவில நகை செய்ற ஒரு பத்தர் வீட்டில மூணு தலைமுறை உரைகல்லும் ஊதுகுழலும் குன்றிமணி போட்டு நிறுக்கிற சின்னத் தராசும் துணியில சுத்தி வச்சிருக்காங்க. கேபோஸ் லேன்ல நாட்டு மருந்துக் கடையில மரப்பெட்டி, ஒவ்வொண்ணுலயும் மருந்துப் பேர் தமிழ்லயும் சிங்களத்திலயும் பக்கத்தில பக்கத்தில எழுதி, ரெண்டும் வேற வேற ஆள் கையெழுத்து. பழைய சோனகத் தெருவில ஒரு வீட்டில கொத்து, புசல்னு தானியம் அளக்கிற பழைய அளவைங்க இருக்கு. ஒரு வயசான நாட்டாமி ஐயா தான் 40 வருஷம் மூட்டையில போட்டு இழுத்த இரும்புக் கொக்கியை எனக்குக் காட்டினார், கைப்பிடி மரம் அவர் கை அச்சுக்கே குழிஞ்சு போயிருந்துச்சு. இது யாருக்கு வேணும் டீச்சர்னு கேட்டார். எனக்கு வேணும், என் பேத்திக்கு வேணும்னு சொன்னேன்.

எங்க வைக்கிறதுன்னு கேட்டா எனக்கு ஒரு இடம் தோணுது. மெயின் ஸ்ட்ரீட் கடைசியில கேமன்ஸ் கேட் பக்கம் இருக்கிற பழைய டவுன் ஹோல். 1873ல கட்டினது, 1928ல புது டவுன் ஹோல் வரும் வரைக்கும் கொழும்பு மாநகரசபை அங்க தான். கீழ பழைய ரோட்டு உருளை எஞ்சின், பழைய மிஷினுங்க எல்லாம் நிக்குது, மேல் மாடியில மேசையைச் சுத்தி சபை மெம்பர்மாரை ஆள் உயரப் பொம்மையா உக்கார வச்சிருக்காங்க, அந்தக் காலத்து மீட்டிங் மாதிரி. பார்க்க வேண்டிய இடம், எத்தனை பேர் சந்தைக்கு வந்துட்டு அதைப் பார்க்காமலேயே போறாங்க. அந்த மேசையைச் சுத்தி இருக்கிறவங்க ரோட்டுப் போடணும்னு தீர்மானம் எடுத்தாங்க சரி, அந்த உருளைக்குப் பின்னால வெயில்ல கல்லு பரப்பினவங்களும் ஊரைக் கூட்டித் துப்புரவு பண்ணினவங்களும் தென்னிந்தியாவில இருந்து வந்த நம்ம சனம் எத்தனை பேர். அவங்களுக்கும் அந்தக் கட்டடத்தில ஒரு அறை குடுங்க. பெரிசா வேணாம். ஒரு அறை, நல்ல வெளிச்சம், கண்ணாடிப் பெட்டி நாலைஞ்சு, பேர்ப்பலகை மாட்ட ஒரு சுவர், மூணு மொழியிலயும் சரியா எழுதின லேபல், வயசான ஆளுங்க உக்காந்து கதைச்சதைப் பதிவு பண்ணிக் கேக்க வைக்கிற ஒரு மூலை. அந்த நாட்டாமி ஐயா மாதிரி ஆளுங்க குரலை இப்ப பதியாட்டி எப்ப பதியிறது. சிங்கள ஆளுங்க, மலாய் ஆளுங்க, போரா, மேமன், சிந்தி, மலையாளி, இவங்க எல்லார் சாமானும் அங்க வரணும், இது தமிழாளுங்களுக்கு மட்டும்னு நான் கேக்கல. பெட்டாவில ஒருத்தர் கடையை இன்னொருத்தர் பூட்டிச் சாவியை வச்சிருந்த காலம் இருந்துச்சு, அப்பா வெள்ளிக்கிழமை பகல்ல பக்கத்துக் கடை ஹாஜியார் பள்ளிக்குப் போனா அந்தக் கல்லாவையும் சேர்த்துப் பார்த்துக்குவார்.

வெள்ளிக்கிழமைன்னு சொன்னதும் இன்னொரு கோரிக்கை. தேசிய நூதனசாலையை 1877 ஜனவரி 1ல கவர்னர் வில்லியம் கிரெகரி திறந்தப்ப, அதைக் கட்டின வாப்பிச்சி மரிக்காரைப் பார்த்து உனக்கு என்ன வேணும்னு கேட்டாராம், அவர் தனக்குன்னு ஒண்ணும் கேக்காம வெள்ளிக்கிழமையில இதை மூடி வைக்கணும்னு கேட்டாராம், ஜும்ஆ நாள் ஆனதால. அதை ஏத்துக்கிட்டு ரொம்பக் காலம் வெள்ளிக்கிழமை மூடி வச்சாங்கன்னு சொல்லுவாங்க. இந்தக் கதையை எனக்குச் சொன்னதே எங்க ஸ்கூல்ல இருந்த ஒரு முஸ்லிம் டீச்சர். ஒரு கட்டடக்காரர் தன்னோட சனத்துக்காக ஒரு நாளைக் கேட்டு வாங்கினார். நானும் ஒரு நாளைத் தான் கேக்குறேன். பெட்டாக் கடைச் சிப்பந்திக்கும் நாட்டாமிக்கும் லீவு கிடைக்கிறது ஞாயிறும் போயாங்கிற பௌர்ணமி நாளும் தான், மத்த நாள்ல காலையில ஷட்டர் தூக்கினா பொழுது பட்ட பிறகு தான் இறக்குவாங்க. பெட்டாவிலயும் கோட்டையிலயும் இருக்கிற ஒவ்வொரு மியூசியமும் மாசத்தில ஒரு ஞாயிறாவது காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் திறந்திருக்கணும், அன்னைக்கு பெட்டாவில வேலை செய்றவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் டிக்கெட் இல்லாம விடணும், தமிழ் கதைக்கிற ஒரு ஆள் அன்னைக்கு அங்க நிக்கணும். கதிரேசன் கோவிலுக்கு வர்ற சனம், அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வர்ற சனம் அப்படியே பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு உள்ள வருவாங்க. செருப்பைக் கழட்டணுமான்னு வாசல்ல கேப்பாங்க, இல்ல இல்ல வாங்கன்னு ஒருத்தர் தமிழ்ல சொன்னாலே போதும், அடுத்த தடவை அவங்களே அக்கம்பக்கத்து ஆளுங்களையும் கூட்டிட்டு வருவாங்க.

முடியாதுன்னு யாரும் சொல்லக்கூடாது. 2019ல தொடங்கின நவீன சமகாலக் கலை மியூசியம் கொழும்பில இருக்கு, கொள்ளுப்பிட்டிப் பக்கம் கிரெஸ்கட்ல, அங்க மூணு மொழியிலயும் ஒரே அளவுக்கு எழுதி வைக்கிறாங்க, தமிழை வாசிச்சா தமிழ் மாதிரியே இருக்கு. மனசு வச்சா நடக்குதுன்னு அங்க போய்ப் பார்த்து நான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கடைக்காரக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க தாத்தா எழுதின புத்தகத்தைக் கறையான் தின்னுதுன்னு எடைக்குப் போட்டுடாதீங்க. மியூசியத்துக்குக் குடுக்க மனசில்லாட்டி பரவாயில்ல, வெயில் படாத இடத்தில வேப்பிலை போட்டு ஒரு டிரங்குப் பெட்டியில வைங்க, பேத்தி பேரன் யாராவது ஃபோன்ல ஒவ்வொரு பக்கமா படம் எடுத்து வைக்கட்டும். கடை கைமாறுதா, பேர்ப்பலகையைக் கழட்டுறதுக்கு முன்னால ஒரு ஃபோட்டோ எடுங்க, யாரு வரைஞ்சது எந்த வருஷம்னு பின்னால எழுதி வைங்க. ஆசிரியர் ஐயா, உங்களுக்கும் தான். பழைய காலத்துத் தமிழ்ப் பேப்பர் அடிச்ச ஈய எழுத்து, கோக்கிற தட்டு, அச்சுக்கல்லு ஏதாவது உங்க கிடங்கில மிஞ்சி இருந்தா அதையும் விட்டுடாதீங்க. இந்த விஷயத்தை ஒரு தடவை மாநகரசபைக்கும் நூதனசாலைத் திணைக்களத்துக்கும் கேக்கிற மாதிரி நீங்களும் எழுதுங்க, தனியா ஒரு ரிட்டயர் டீச்சர் கடிதம் போட்டா ஃபைலுக்குள்ள போயிடும், பேப்பர்ல வந்தா யாராவது வாசிப்பாங்க.

எங்ககிட்ட அப்பாவோட சாமான் மூணு தான் மிச்சம். மை தொட்டு எழுதின ஒரு பேனைக் கட்டை, அப்பத்தா எழுதின அந்த சம்மதக் கடிதம், 83 கலவரத்துக்கு முந்தின கிழமை ஏதோ கூட்டிப் பார்க்கணும்னு வீட்டுக்குக் கொண்டு வந்ததால எரியாம தப்பிச்ச ஒரே ஒரு குறிப்பேடு. அந்தக் குறிப்பேட்டில கடைசியா எழுதின பக்கத்தில கூட்டல் இன்னும் போடல, கீழ கோடு மட்டும் போட்டிருக்கார். மூணையும் ஒரு பிஸ்கட் டின்ல வச்சிருக்கேன். அந்த அறை எப்ப வருதோ அன்னைக்கே கொண்டு வந்து கையில குடுப்பேன், ரசீது கூட வேணாம், பக்கத்தில அவர் பேரைத் தமிழ்ல பிழையில்லாம எழுதினா போதும்.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர் டீச்சர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.